துடைச்ச ஈரம் காயற வரைக்கும்

அன்புள்ள தேவி,

உன் வாய்ஸ் மெசேஜை நேத்து டியூட்டி முடிச்சு பஸ்ல வரும்போதுதான் கேட்டேன், டயாலிசிஸ் யூனிட்டுக்கு நீ இன்சார்ஜ் ஆயிட்டேன்னதும் அவ்ளோ சந்தோஷம்டீ, ஃபர்ஸ்ட் இயர்ல ரத்தத்தைப் பாத்தாலே முகம் வெளுத்துப்போய் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நீ. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணுலயும் புரை எடுத்தாச்சு, இப்ப அரிசில கல்லு பொறுக்கறது மறுபடியும் அவங்கதான், வேற யாரையும் விட மாட்டேங்கறாங்க. பெரியவன் பாலிடெக்னிக் சேந்துட்டான்.

நீ கேட்டதுக்கு போன்ல பதில் சொன்னா பாதி மறந்துடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். டப்பால வர்ற டிஸ்இன்ஃபெக்டன்ட் வைப்ஸ், அதான் கிருமிநாசினில நனைச்ச துடைக்கற தாள், அது வாங்கறதா இல்ல துணியும் ஹைப்போவும், அதான் ப்ளீச் தண்ணியும், போதுமான்னு மேனேஜர் கேக்கறார்னு சொன்ன இல்லையா, காசு இருந்தா வாங்கச் சொல்லு, கலக்கற அளவுல தப்பு வராது, பக்கெட் தூக்கிட்டு அலைய வேண்டாம். ஆனா எதை வாங்கினாலும் துடைச்ச இடம் எவ்ளோ நேரம் ஈரமா இருக்குன்னு பாரு. டப்பா மேல பொடி எழுத்துல போட்டிருப்பான், ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், சிலதுல பத்து நிமிஷம்கூட இருக்கும், அவ்ளோ நேரமும் அந்த இடம் கண்ணுக்குத் தெரியற மாதிரி நனைஞ்சிருக்கணும். ஸ்பிரிட் கலந்த வைப்ஸை எங்க ஐசியூ ஏசிக்குக் கீழ வாட்ச் வெச்சுப் பாத்தேன், டேபிள் ஒரு நிமிஷத்துக்குள்ள காஞ்சு போச்சு, லேபிள்ல ரெண்டு நிமிஷம்னு இருக்கு. அப்ப இன்னொரு வைப்ஸ் எடுத்து மறுபடி நனைக்கணும், வேற வழியில்ல.

நான் ஐசியூல ஸ்டாஃபா இருந்தப்ப என்ன பண்ணுவேன்னா ஒரே ஒரு வைப்ஸ் எடுத்து பெட் ரெயில், டேபிள், பம்ப், மானிட்டர்னு வரிசையா இழுத்துட்டுப் போவேன், ஈரம் இருந்தா பிசுபிசுன்னு இருக்கேன்னு கையோட காஸ் துணியால ஒத்தி எடுத்துடுவேன், அதைத்தான் சுத்தம்னு நெனச்சிட்டு இருந்தேன். கார்டிஃப் யுனிவர்சிட்டில மைக்ரோபயாலஜி ஆளுங்க வேல்ஸ் ஆஸ்பத்திரி ஐசியூல ஸ்டாஃப் துடைக்கறதைப் பாத்து, அதையே லேப்ல செஞ்சும் பாத்து 2008-ல சொன்னாங்க, ஒரே வைப்ஸை அடுத்தடுத்த இடத்துக்குக் கொண்டு போனா முதல் இடத்துல எடுத்த கிருமியை அடுத்த இடத்துல விட்டுட்டு வருது. ஒரு வைப்ஸ், ஒரு இடம், ஒரே தடவை, அப்புறம் குப்பை, இதுதான் அவங்க சொன்னது. அதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு தேவி, எத்தனை வருஷம் எத்தனை பெட்டு.

உன் யூனிட்ல இது இன்னும் முக்கியம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காஞ்ச ரத்தத்துல கொறஞ்சது 7 நாள் உயிரோட இருக்கும், அதுவும் கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் போதும். ஒரு ஷிஃப்ட் பேஷன்ட் நாலு மணி நேரம் முடிச்சு எழுந்திரிக்கறதுக்குள்ள அடுத்தவர் வெளிய பையோட வந்து நிப்பார், ஊருக்குப் போற கடைசி பஸ் கணக்கு அவங்களுக்கு, அந்த அவசரத்துல என்ன நடக்கும்னா பேஷன்ட் இன்னும் பெட்ல உக்காந்திருக்கும்போதே பக்கத்துல மெஷினைத் துடைக்க ஆரம்பிச்சுடுவாங்க. அதை விடாத. ஊசி போட்ட இடத்தை அமுக்கிப் பிடிச்சுட்டு இருக்கறவங்க கையில இருந்து ஒரு சொட்டு போதும், துடைச்சதெல்லாம் வீண். பேஷன்ட் முழுசா எழுந்து வெளிய போகணும், அப்புறம் துடைக்கணும், ஈரம் காயணும், அதுக்கப்புறம்தான் அடுத்தவரைக் கூப்பிடணும். இதுக்கு ஆகற நேரத்தை ஷெட்யூல்லயே எழுதி வாங்கிடு, மேனேஜர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

ரத்தம் கொட்டியிருந்தா வைப்ஸை எடுக்கவே எடுக்காத. முதல்ல டிஷ்யூ போட்டு உறிஞ்சி எடு, அப்புறம் 1 சதவீத ஹைப்போ. வர்றது 5 சதவீத பாட்டில்னா ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி, தினமும் காலைல புதுசா கலக்கணும், நேத்து கலந்தது வேண்டாம். மெட்டல் மேல விட்டா அரிச்சுடும், நேரம் முடிஞ்சதும் தண்ணித் துணியால ஒரு தடவை துடைச்சுடு. பேதியோட வர்ற பேஷன்ட்டுக்கும் ஹைப்போதான், சி டிஃப்னு பேதி வர வெக்கற கிருமியோட ஸ்போர், அதான் கெட்டி ஓடு போட்ட விதை மாதிரி, அதெல்லாம் ஸ்பிரிட்டுக்கு அசையாது.

இப்ப சொல்றதுதான் நான் முக்கியமா சொல்ல நெனச்சது. போன வருஷம் எங்க ஐசியூல அடுத்தடுத்து மூணு பேருக்கு அசினிடோபாக்டர்ங்கற பாக்டீரியா தொத்து வந்துச்சு. அது காஞ்ச இடத்துல மாசக்கணக்கா கிடக்கும், அதனால கண்ணுக்குத் தெரியாத ஜெல்லை புள்ளி புள்ளியா அங்கங்க வெச்சுட்டு மறுநாள் யூவி டார்ச் அடிச்சுப் பாத்தேன், துடைச்சிருந்தா புள்ளி போயிருக்கும். தரை, டாய்லெட், பெட் ரெயில் எல்லாம் சுத்தம். ஆனா இன்ஃப்யூஷன் பம்ப் பட்டன் பூரா மின்னுது, மானிட்டர்ல அலாரம் ஆஃப் பண்ற இடம் மின்னுது, காலிங் பெல் மின்னுது. நாங்க நாள் முழுக்கத் தொடற இடம் எதுவோ அதெல்லாம் அப்படியே இருக்குடீ.

ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன், கோவமாத்தான் கேட்டேன், அதை ஒத்துக்கறேன். அவங்க மெதுவா சொன்னாங்க, "மெஷின்ல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சிஸ்டர், ஏதாவது ஆச்சுன்னா என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க." ஸ்டாஃபைக் கேட்டா கிளீனிங் ஹவுஸ்கீப்பிங் வேலைங்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் நெஜம், நடுவுல பம்பைத் துடைக்க ஆளே இல்ல. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அமெரிக்காவுல 23 ஆஸ்பத்திரில இதே மாதிரி ஜெல் வெச்சுப் பாத்து 2008-ல வெளியிட்டாங்க, தொடற இடத்துல பாதிகூட துடைக்கலன்னு வந்துச்சு, எல்லா ஊர்லயும் இதே கதைதான் போல.

அதனால ஒரு பேப்பர்ல எழுதி மெஷின் பக்கத்துலயே ஒட்டு. டயாலிசிஸ் மெஷின் பேனல், பிபி கஃப், ஸ்டெத், கிளாம்ப் இதெல்லாம் ஸ்டாஃப், பெட்டு, டேபிள், ரெயில், டிவி ரிமோட் ஹவுஸ்கீப்பிங். பேர் போட்டு எழுது. சின்ன சாமானை விட்டுடாத, ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் ராட்கிளிஃப் ஆஸ்பத்திரி நியூரோ ஐசியூல கேண்டிடா ஆரிஸ்ங்கற பங்கஸ் 70 பேருக்கு வந்துச்சு, தேடிப் பாத்தா திரும்பத் திரும்ப யூஸ் பண்ற, அக்குள்ல வெக்கற டெம்பரேச்சர் ப்ரோப்ல போய் நின்னுச்சு, அதை எடுத்தப்புறம்தான் அடங்குச்சு. நெறைய வைப்ஸ்ல இருக்கற குவாட் வகை (குவாட்டர்னரி அம்மோனியம்) மருந்து சிலதுக்கு அந்த பங்கஸ் சரியா சாகாது, அதனால வாங்கற வைப்ஸ்ல என்ன மருந்துன்னு பாத்து வாங்கு.

இன்னொண்ணு, காலி டப்பாவைத் தூக்கிப் போட மனசு வராது நமக்கு. ஸ்பிரிட்டோ வேற ஏதோ ஊத்தி காஸைப் போட்டு மறுபடி நிரப்பி வெப்பாங்க, எங்க வார்டுலயே நடந்துச்சு. ஜெர்மனில இப்படி நிரப்பற டப்பாக்களை டெஸ்ட் பண்ணி 2014-ல எழுதியிருக்காங்க, பல டப்பாவுல மருந்துக்குள்ளயே கிருமி குடித்தனம் பண்ணிட்டு இருந்துச்சு, டப்பாவைச் சரியா கழுவாம மேல மேல ஊத்தினதால. மூடியைத் திறந்து போட்டாலும் வைப்ஸ் காஞ்சு வெறும் பேப்பர் ஆயிடும், மூடச் சொல்லிட்டே இரு.

அக்காங்களுக்கு நல்ல கிளவுஸ் வாங்கிக் குடு, பாதிப் பேருக்கு விரல் இடுக்குல தோல் உரிஞ்சிருக்கும், சொல்ல மாட்டாங்க. ஸ்ப்ரே பண்ண விடாத, அது மூச்சுக்குள்ள போகும்.

நம்ம டியூட்டர் சிஸ்டர் ஞாபகம் இருக்கா, டிஸ்சார்ஜ் ஆன பெட்டை கார்பலைஸ் பண்ணச் சொல்லிட்டு ரெயிலுக்கு அடியில விரலை ஓட்டிப் பாப்பாங்களே, பெனாயில் வாசனை வந்தாலே எனக்கு அவங்க செருப்புச் சத்தம் கேக்கும். லிஸ்டர்ங்கற சர்ஜன் 1865-ல கிளாஸ்கோல காயத்து மேல கார்பாலிக் ஆசிட் தொட்டு வெச்சாரே, அந்த ஆசிட்ல இருந்து வந்த பேர்டீ அது, நாம எந்த மருந்து போட்டுத் துடைச்சாலும் இன்னும் கார்பலைஸ்னுதான் சொல்றோம். அவங்க கிட்ட திட்டு வாங்கினதுக்கு இப்ப நன்றி சொல்லணும்போல இருக்கு, எந்த ஊர்ல இருக்காங்கன்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லு.

மேனேஜர் காட்டற வைப்ஸ் டப்பா பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு, நிமிஷமும் மருந்தும் நான் பாத்துச் சொல்றேன். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு எனக்கு லீவு, ஜெல்லும் டார்ச்சும் எடுத்துட்டு வரேன், உன் யூனிட்ல மெஷின் எல்லாத்தையும் சேந்து பாப்போம். அக்காங்களையும் அன்னிக்கு இருக்கச் சொல்லு, டார்ச்சை அவங்க கையிலயே குடுக்கலாம். அம்மா நெல்லிக்கா ஊறுகா குடுத்து விடறேன்னு சொல்றாங்க, பாட்டிலைக் கழுவித் திருப்பிக் குடுக்கணுமாம்.

அன்புடன்,
மேரி