அரச சட்டத்தரணி எங்கள் வாசிகசாலைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் வாள்வெட்டு நடந்தது. முகத்தை மூடிக்கொண்டு இரண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் முன்வீட்டுப் படலையைக் கொத்தினார்கள். தடுக்க ஓடிவந்த பொடியனுக்குக் கையில் வெட்டு. அந்தத் தகரப் படலையில் கிழிசல் இன்னும் அப்படியே இருக்கிறது. எட்டுப் பேராவது பார்த்தோம்; வாக்குமூலம் கொடுத்தது நானும் ஒரு வயோதிபரும் மட்டும்தான்.

மற்றவர்களில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிடிபட்டவர் பிணையில் வந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சந்திக் கடையில் பாண் வாங்க நின்றபோது அவரை நேருக்கு நேர் கண்டுதான் அறிந்தேன். அன்றிரவு நித்திரையே இல்லை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த தவணை எப்போது என்று யாரிடம் போய்க் கேட்பது?

நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலான குற்ற வழக்குகளைப் பொலிஸாரே நடத்துகிறார்கள். பாரதூரமான வழக்கென்றால் கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், மேல் நீதிமன்றத்துக்கு வரும்போதுதான் சாட்சி, அரசின் சார்பில் வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணியைக் காண்கிறார். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில், மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும் ட்ரயல் அட் பார் மன்று யாழ்ப்பாணத்திலேயே அமர்ந்து 2017 இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு எங்கே நிற்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. எங்கள் ஒழுங்கை வழக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அரச தரப்புச் சட்டத்தரணி மக்களிடமே வருவது புதிதல்ல. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1990 இல் அப்படியான வழக்குத் தொடுநர் ஒருவரை ஒரு குறிப்பிட்ட பகுதிக்கென்றே அனுப்பினார்கள். மக்கள் அவரிடம் அதிகம் முறையிட்டது தெருவில் குடிப்பது, சிறு திருட்டு போன்ற அன்றாடத் தொல்லைகளைத்தான். எங்களிடம் கேட்டாலும் வெளிநாட்டில் இருப்பவர்களின் பாழ்வளவுகளையும், விளக்கெரியாத சந்தியையும்தான் முதலில் காட்டுவோம்.

சாட்சிகளைப் பாதுகாக்க 2015 இல் சட்டம் வந்தது. 2023 இல் அதற்குப் பதிலாகப் புதியதும் வந்துவிட்டது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம் என்பது எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. நானே பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் அறிந்தேன்.

அரச சட்டத்தரணி ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனசமூக நிலையங்களுக்கு வரவேண்டும். நடக்கும் வழக்கின் சாட்சியத்தைப் பற்றிப் பேசவேண்டாம், அது சரியுமில்லை. பிணை என்றால் என்ன, மிரட்டினால் எங்கே முறையிடுவது என்று தமிழில் சொன்னால் போதும். அப்புறம் நாங்கள் சொல்வதையும் கேட்கட்டும்.

எங்கள் வாசிகசாலை ஞாயிறு பின்னேரங்களில் திறந்திருக்கும். வரும் நாளைச் சொன்னால், அந்த எட்டுப் பேரையும் கூட்டிவருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.