லினக்ஸ் போட்டாயிற்று, அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அறந்தாங்கியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். யோசனை நல்ல யோசனைதான். பென் டிரைவில் இருந்து லினக்ஸ் ஏற்றுவது இப்போதெல்லாம் பெரிய வித்தை இல்லை. கேட்கும் கேள்விகளும் குறைவு. ஆனால் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. வாடிக்கையாளர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்ப வருவது அதற்குப் பிறகு. ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவப் போயிருப்பார்கள், திரையில் ஒரு வரி வந்திருக்கும், அத்தோடு சரி.

கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் அச்சகக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது தமிழ்த் தட்டச்சு, அதிலும் பழைய டைப்ரைட்டர் முறை. விரல் பழகிவிட்டது, தமிழ்99 என்ற புதிய விசைப்பலகை முறைக்கு மாறுங்கள் என்றால் மாற மாட்டார். லினக்ஸில் இரண்டுமே உண்டு, இலவசம். பல லினக்ஸ் வகைகளில் அவை ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். தமிழில் அடிக்க வழி தேடும் ஒருவர் இந்தப் பெயரை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்? யாரோ சொல்லி நிறுவிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 'நிறுவப்பட்டது' என்று வருகிறது. அமைப்புகளைத் திறந்து பார்த்தால் டைப்ரைட்டர் முறை பட்டியலில் இல்லை. பெரும்பாலும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகுதான் அது தலைகாட்டும். நிறுவும் வேலையைச் செய்யும் மென்பொருள், அதாவது நிறுவி, இதை அவரிடம் சொல்வதில்லை. அவர் என்ன செய்வார்? நிறுவியதை நீக்குவார், மறுபடி நிறுவுவார், கடைசியில் 'லினக்ஸில் தமிழ் வராது' என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, ஆதரவு இல்லாத விண்டோஸையே போட்டுத் தரச் சொல்வார். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 'ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்' என்று ஒரே ஒரு வரி வந்திருந்தால் போதும்.

வேலை முடிந்ததும் வாயைத் திறக்காத நிறுவி, முடியாதபோது தனக்கு மட்டும் புரிகிற மொழியில் பேசும். புதிதாக லினக்ஸ் போட்ட கணினியை இணையத்தில் இணைத்ததும் அது பாட்டுக்குப் பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து நாம் வேறொன்றை நிறுவப் போனால், பூட்டுக் கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு நீளமான கோப்புப் பாதையை நீட்டும். ஒரு நேரத்தில் ஒரு நிறுவல்தான் நடக்க வேண்டும் என்பதற்கான பூட்டு அது. பயந்துபோய்க் கூகுளில் தேடினால், அந்தக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். அதைச் செய்தால், பாதியில் நிற்கும் நிறுவலும் இதுவும் ஒன்றோடொன்று மோதி எல்லாம் குழம்பும் வாய்ப்பு உண்டு. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் மென்பொருள் நிறுவும் ஏப்டி என்ற கருவி 1998இல் வந்தது. முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், கட்டளை கொடுத்தால், வேறொரு நிறுவல் முடியும் வரை காத்திருந்து தொடரும் பழக்கம் அதற்கு 2020இல் 2.0 பதிப்பில்தான் வந்தது. வரிசையில் நிற்கக் கற்றுக்கொள்ள 22 ஆண்டு!

இன்னொன்று. உபுண்டுவில் நீண்டகால ஆதரவு இல்லாத பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். அது முடிந்தபின் அந்தப் பதிப்பின் தொகுப்புகளைப் பழையவற்றுக்கான தனி சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். அதன்பிறகு எதை நிறுவப் போனாலும் 404 என்று வரும், தேடியது அந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம். 'உங்கள் பதிப்பின் காலம் முடிந்தது, புதியதற்கு மாறுங்கள்' என்பதுதான் விஷயம். ஆனால் 404ஐப் பார்த்தவர் இணைய இணைப்பு சரியில்லை என்று நினைத்து கேபிள்காரரைத் திட்டுகிறார்.

'திரையில் வருவதைப் படிக்காமல் பட்டனைத் தட்டினால் அப்படித்தான்' என்று சில லினக்ஸ் நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு 2021 நவம்பரில் நடந்ததை நினைவூட்டுகிறேன். பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். தொகுப்புகளில் இருந்த ஒரு பிழையால், ஸ்டீம் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே, அதாவது மெனுவும் சாளரங்களும் உள்ள திரையையே, நீக்க வேண்டும் என்று ஏப்டி முடிவு செய்துவிட்டது. நீளமான பட்டியலுக்கு நடுவே எச்சரிக்கையும் இருந்தது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார். டெஸ்க்டாப் காணாமல் போனது. கணினியையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்தக் கதி என்றால் எங்கள் ஊர் டியூஷன் வாத்தியாரைக் குறை சொல்லி என்ன பயன்? நல்லவேளையாக ஏப்டியை உருவாக்குவோர் அப்படி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்து அடிப்படைத் தொகுப்புகளை நீக்கும் வழியையே அடைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் உள்ள ஏப்டி 3.0, நிறுவப்போவதைப் பச்சையிலும் நீக்கப்போவதைச் சிவப்பிலும் காட்டுகிறது. கட்டளை வரியில் நடந்த இந்த முன்னேற்றம், சாதாரண ஆட்கள் பயன்படுத்தும் ஆப் கடைகளுக்கு முழுதாக வந்து சேரவில்லை. 2024 ஏப்ரலில் உபுண்டு 24.04 வெளியானபோது, இறக்கிய டெப் கோப்பை (உபுண்டுவின் நிறுவல் கோப்பு) இரட்டைச் சொடுக்கி நிறுவும் வசதிகூட அதன் ஆப் சென்டரில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். விண்டோஸிலிருந்து வருபவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

நிறுவி முடித்ததும் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என்ன வந்தது, அதை எங்கே திறப்பது, அடுத்து நான் என்ன செய்ய வேண்டும். முடியாவிட்டால் காரணம் தெரிய வேண்டும், காத்திருப்பதா வேறு ஏதாவது செய்வதா என்பதும். நம் அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கியது. அதற்கு சென்னையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்த் தட்டச்சில் எங்கே இடறும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த ஒரு நிறுவலையாவது அவர்கள் முதலில் சரிசெய்து காட்டலாம்.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை லினக்ஸ் பற்றி எழுதும்போது, டைப்ரைட்டர் முறையை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள். வெளியேறி உள்நுழைய வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவர்,
அறந்தாங்கி