நாயைத் தடவிக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் நுவரெலியா, எல்ல, அட்டன் பக்கங்களுக்கு வரும் பயணிகளில் சிலர் கண்ட இடத்தில் தெருநாயைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே நாய்க்கு நம் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்புப் பிள்ளைகள் கல்லெறிந்துவிட்டு ஓடுகிறார்கள். இரண்டுமே கடி வாங்குவதற்கான வழிகள்தாம். "நாய்க்குக் கிட்டப் போகாதே" என்று சொல்லி வளர்க்கும் நாம், போக நேர்ந்தால் எப்படிப் போவது என்பதை வீட்டிலும் சொல்வதில்லை, பாடசாலையிலும் சொல்வதில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அண்மையில் நானுஓயா ரயில் நிலைய மேடையில் ஒரு சிறுமி, சுருண்டு கிடந்த நாயொன்றின் முன்னால் குனிந்து அதன் உச்சந்தலையில் கை வைத்தாள். நாய் முகத்தை அப்பால் திருப்பியது. தின்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும் மூக்கை நக்கிக்கொண்டது. பிறகு வாய் பிளந்து கொட்டாவி விட்டது. "பாவம், தூக்கம் வருது போல" என்றார் தாயார். அது தூக்கக் கொட்டாவி அன்று. முகம் திருப்புவதும், உதடு நக்குவதும், இடம் பொருந்தாத கொட்டாவியும், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியப் பார்ப்பதும் "என்னை விட்டுவிடு" என்று நாய் தன் உடம்பால் சொல்லும் சொற்கள். அவற்றை எவரும் கேட்காததால் கடைசியில் அது உறுமியது. உறுமியதற்காக ஒருவர் குடையால் அடித்தார். உறுமல் என்பது கடிக்குமுன் நாய் தரும் எச்சரிக்கை. அடித்து அடித்து அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை நாய் உறுமாமலே கடிக்கப் பழகிக்கொள்ளும்.

வாலை ஆட்டினால் அன்பு என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. இடுப்பும் சேர்ந்து நெளிய, தளர்ந்து ஆடும் வால் வேறு. உடம்பு விறைத்திருக்க, உயர்த்திப் பிடித்த வால் மட்டும் சிறிதாகவும் வேகமாகவும் துடிப்பது வேறு. பின்னதைக் கண்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

சரி, எப்படித்தான் அணுகுவது? உரியவர் அருகில் இருந்தால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அவர் சம்மதித்த பிறகும் நேருக்கு நேராகப் போகாமல், சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, கண்ணை உற்றுப் பார்க்காமல், சில அடி தள்ளி நின்றுகொள்வது நல்லது. மூக்குக்கு முன்னால் கையை நீட்டி மோப்பம் பிடிக்கவிடச் சொல்வது பழைய வழக்கம். அந்நியக் கை முகத்தை நோக்கி வருவதையே பல நாய்கள் விரும்புவதில்லை. கையைத் தொங்கவிட்டிருந்தாலே போதும், வேண்டுமானால் அது தானே வந்து முகர்ந்துகொள்ளும். வராவிட்டால் அதுதான் பதில். பிஸ்கட்டைக் காட்டி அதை மாற்ற முயல்வது முறையன்று. வந்து ஒட்டி நின்றால் நெஞ்சையோ கழுத்தின் பக்கத்தையோ தோளையோ மெதுவாகத் தடவலாம். இரண்டு மூன்று விநாடி தடவியபின் கையை எடுத்துப் பார்க்க வேண்டும். அது மீண்டும் கைக்குள் வந்து முட்டினால் தொடரலாம், விலகினால் விட்டுவிட வேண்டும். உச்சந்தலை, வால், பாதம் ஆகியவற்றைப் புதியவர் தொடாதிருப்பதே நல்லது. கட்டிப்பிடிப்பது நமக்குப் பாசம்; நாய்க்கோ அது தப்பியோட வழியில்லாத நிலை.

தேயிலைத் தோட்டங்களில் இன்னும் சில நிலைமைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். மரக்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க இரவெல்லாம் விழித்திருக்கும் நாய், பகலில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) அயர்ந்து உறங்கும். திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுத்தான் எழும். சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போகும் இடங்களில் அதன் அச்சம் இன்னும் அதிகம். சங்கிலியில் கிடக்கும் நாயும், சாப்பிடும் நாயும், விறகு அட்டியின் அடியில் குட்டி போட்டிருக்கும் தாய்நாயும், எவ்வளவு பழகியவையாக இருந்தாலும், அந்நேரத்தில் தொடத் தகாதவை. விடியற்காலைப் பனிமூட்டத்தில் மழைக்குப் போர்த்திக்கொண்டு வருபவரைப் பார்த்துத் தெரிந்த நாயே குரைக்கும். தூரத்திலேயே குரல் கொடுத்துப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் அடங்கிவிடும். (பெயர் தெரியாவிட்டால் ஜிம்மி என்று கூப்பிட்டுப் பார்க்கலாம், எங்கள் பக்கம் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர்.)

நாய் பாய்ந்து வந்தால் ஓடக்கூடாது. ஓடும் பொருளைத் துரத்துவது அதன் இயல்பு. கைகளை உடம்போடு ஒட்டி, பார்வையைத் தாழ்த்தி, அசையாமல் நின்றால் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். விழுந்துவிட்டால் உடம்பைச் சுருட்டி, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கடிபட்டால், காயத்தில் மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித் தூளோ அப்பாமல், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். குட்டிநாய் என்றோ, சிறு கீறல் என்றோ, புண்ணில் நக்கியது மட்டுந்தான் என்றோ அலட்சியம் செய்யக்கூடாது. விசர்நாய்க்கடி நோயின் (ரேபிஸ்) அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்த நாயை ஊர்கூடி அடித்துக் கொல்வதும் உதவாது. உயிரோடு கட்டிவைத்து அவதானித்தால் அதற்கு நோய் உண்டா இல்லையா என்பது தெரியவரும்.

1885 இல் ஒரு சிறுவனுக்குத் தாம் உருவாக்கிய இந்நோய்த் தடுப்பூசியைப் போடச்செய்த லூயி பாஸ்டர் மறைந்த நாளான செப்டெம்பர் 28, உலக விசர்நாய்க்கடி நோய்த் தினமாக அனுசரிக்கப்படுகிறது. அன்று சுவரொட்டி ஒட்டுவதோடு நின்றுவிடாமல், பொதுச் சுகாதார பரிசோதகர்களும் தோட்டப் பாடசாலை அதிபர்களும் இணைந்து, தடுப்பூசி போட்ட சாதுவான நாயொன்றை அதன் உரிமையாளரோடு வகுப்புக்கு வரவழைத்து, எப்படி நிற்பது, எங்கே தொடுவது, எப்போது கையை எடுப்பது என்பதை ஒரு பாடவேளையிலாவது பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.