நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

வாடகை உதவி நிதி நடத்தும் சங்கங்கள், வழிபாட்டுத் தலங்கள், தொண்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். உங்களிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருபவன் நான். சம்பளமில்லாத வேலைதான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். 'வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸின் நகலை இணைக்கவும்' என்று உங்கள் படிவத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள்.

அந்த வரி ஏன் வந்தது என்பது புரிகிறது. நன்கொடை கொடுத்தவர்கள் கணக்குக் கேட்பார்கள், கஷ்டம் உண்மைதான் என்று காட்ட ஏதாவது காகிதம் வேண்டும். ஆனால் பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு காகிதம் வருவதே இல்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று 'அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பார். நோட்டீஸ் அவ்வளவுதான். எழுத்தில் கேட்டால் கோபம்தான் வரும்.

காகிதம் வருகிற குடும்பங்களின் கதை இன்னும் மோசம். முதல் மாதம் பாதி வாடகைதான் குறையும். அடுத்த மாதம் அதைச் சரிக்கட்ட வட்டிக்கு வாங்குவார்கள். மூன்றாவது மாதம் வட்டி முந்திக்கொள்ளும், வாடகை மொத்தமாக நின்றுவிடும். நோட்டீஸ் வரும்போது பாக்கி, வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்ந்து நிற்கும். அப்போது உங்கள் குழு கூடி, 'இவ்வளவு பெரிய பாக்கியை நம் நிதி தாங்காது' என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். தாமதமாக வரச் சொல்வதும் நாம்தான், தாமதமாக வந்ததற்குத் திருப்பி அனுப்புவதும் நாம்தான்.

ஒரு விண்ணப்பம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 'நெருக்கடிக்கான காரணம்' என்ற இடத்தில் அந்த அம்மா எழுதச் சொன்னது: 'கணவருக்குக் கால் எலும்பு முறிவு. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாது. அப்புறம் போய்விடுவார்.' மருத்துவர் சீட்டு இருந்தது, வேலை கொடுப்பவரின் கடிதம் இருந்தது, அதுவரை ஒழுங்காக வாடகை கட்டிய ரசீதுகளும் இருந்தன. வந்த பதில் ஒரே வரி: நோட்டீஸ் வந்ததும் மீண்டும் விண்ணப்பிக்கவும்.

நேரத்தோடு கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். சிகாகோ நகரில் வாடகை உதவிக்குத் தொலைபேசியில் அழைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே நிதி சில நாள் கையிருப்பில் இருக்கும், சில நாள் இருக்காது. ஒரே மாதிரியான கஷ்டத்தோடு அழைத்தவர்களில் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. நிதி இருந்தபோது அழைத்தவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் வீடற்றோர் காப்பகத்துக்குப் போகும் வாய்ப்பு 76 சதவீதம் குறைவாக இருந்தது.

ஒளிக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் கிடைக்காதவர்களிலும் காப்பகம் வரை போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். காப்பகத்துக்குப் போகாதவர்கள் எல்லாம் நல்லபடியாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உறவினர் வீட்டு ஒற்றை அறையில் ஒண்டிக்கொள்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதே ஆய்வில் அதிகப் பலன் பெற்றவர்கள் மிகக் குறைந்த வருமானக்காரர்கள். 'இவர்களுக்குக் கொடுத்தால் எழுந்து நிற்பார்களா' என்று நீங்கள் தயங்குவதும் பெரும்பாலும் இவர்களிடம்தான்.

காகிதம் கேட்டுக் கேட்டுப் பணம் முடங்கியதற்கும் உதாரணம் உண்டு. கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு வாடகை உதவிக்காக ஏறத்தாழ 4,600 கோடி டாலர் ஒதுக்கியது. பணம் இருந்தும் மக்களிடம் போய்ச் சேரத் திணறியது. கடைசியில் 2021 ஆகஸ்டில், ஆவணம் இல்லாத இடத்தில் விண்ணப்பதாரர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை ஏற்கலாம் என்று அந்நாட்டு நிதித்துறையே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை இருந்தாலே உள்ளாட்சி மன்றம் உதவியைத் தொடங்கியாக வேண்டும்.

நோட்டீஸுக்குப் பதில் என்ன கேட்கலாம்? வருமானம் ஏன் நின்றது என்பதற்கு ஏதாவது ஒரு சான்று போதும். குடும்பத்தின் சம்மதத்தோடு வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். பணத்தை நேராக அவர் கணக்கிலேயே கட்டுங்கள். கட்டும்போது, 'இந்தப் பாக்கிக்காக இவர்களை வெளியேற்ற மாட்டேன்' என்று எழுதி வாங்குங்கள். இந்தக் கடைசி வேலையைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன, பணம் போன பிறகும் வீடு போகிறது.

ஏமாற்றுபவர்கள் வருவார்கள்தான், ஆனால் நோட்டீஸையும் போலியாக அடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். வாடகையே வருமானத்துக்கு மீறியதாக இருக்கும் குடும்பத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் பணம் தீர்வாகாது என்பதும் உண்மை. அவர்களுக்குச் சின்ன வீட்டுக்கு மாற முன்பணம் கொடுங்கள். கடனாக மட்டும் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே இருக்கிற கடன் போதும். அட்டையில் பெரிதாக அச்சடித்த காசோலையோடு குடும்பத்தை நிற்கவைத்துப் படம் எடுப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார், பள்ளியில் பிள்ளைகளின் நண்பர்களும் பார்க்கிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள். நோட்டீஸ் இல்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களை எடுத்து, அந்தக் குடும்பங்கள் இப்போது எந்த முகவரியில் இருக்கின்றன என்று அன்றைக்கே விசாரியுங்கள். விசாரிக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பம் நிரப்பித் தரும் ஒரு தன்னார்வலர்