பூப்பந்து மைதான விளக்குகளை இரவு 10 மணிக்கு மேல் அணைக்கக் கோரும் மனு

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. பினாங்கின் பாலேக் பூலாவ் மலைச்சரிவில், டுரியான் தோட்டத்துக்குப் பின்னால் நாங்கள் கட்டியிருக்கும் ஆண்டெனா குறித்து முன்பே எழுதினோம். பதில் இல்லை. தாங்கள் அறிந்த இடம் என்பதால் வழி சொல்லத் தேவையில்லை.

1. வியாழன் கோள் வெளியிடும் வானொலி அலைகளை 20.1 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறோம். 1955-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பர்க், பிராங்க்ளின் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸில் தற்செயலாகக் கண்டறிந்தவை இவை. கம்பியும் ரிசீவரும் போதும், ஆனால் சுற்றிலும் மின்இரைச்சல் இருக்கக்கூடாது. ஜார்ஜ் டவுன் நகரம் ஆகாது. கொடிமலையில் கோபுரங்கள், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள். தேடித் தேடி, நகரத்தை மலை மறைக்கும் இந்தச் சரிவைப் பிடித்தோம்.

2. இப்போது எங்கள் ஆண்டெனாவுக்கு அருகிலுள்ள பூப்பந்து மைதானத்தில் புதிய எல்.இ.டி விளக்குகள். வெளிச்சத்தால் எங்களுக்குத் தொல்லையில்லை. விளக்குக்குள் இருக்கும் மலிவான மின்மாற்றிப் பெட்டி, மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த இரைச்சல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. கம்பத்துக்குப் போகும் ஒயரே அதைப் பரப்பும் ஆண்டெனா ஆகிவிடுகிறது. மாலை விளக்கு எரிந்ததும் ரிசீவரில் 'ர்ர்ர்' என்று தொடங்கினால் விடியும்வரை ஓயாது. பகலில் கேட்கலாமே என்பீர்கள். பகலில் அயனி மண்டலம், அதாவது வெயிலால் மின்னூட்டம் பெறும் உயர் காற்றடுக்கு, தூரத்துச் சிற்றலை வானொலி நிலையங்களின் அலைகளையெல்லாம் எங்கள் பக்கம் திருப்பி அனுப்பும். நடுநிசிக்குப் பிறகு அது மெலிந்து, அந்த நிலையங்கள் அடங்கும் நேரம்தான் எங்களுக்கு வாய்ப்பது. அதையும் விளக்கு தின்கிறது. கூரைத் தகரத்தில் கூழாங்கல் விழுவதுபோல் வரும் வியாழன் சத்தத்தைக் கேட்கப் பெற்றோருடன் வந்த பிள்ளைகள், விளக்கின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். பத்து மணிக்கு மைதானத்தின் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள் ஐயா! பூட்டிய மைதானத்தில் யார் விளையாடுகிறார்கள்? யாருக்காக எரிகிறது? மின்கட்டணம் யார் பணம்?

3. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கக் கட்டப்பட்டுவரும் எஸ்.கே.ஏ-லோ என்ற வானொலித் தொலைநோக்கிக்காக, வானொலி அமைதியைச் சட்டம் போட்டே காக்கிறார்கள். நாங்கள் சட்டம் கேட்கவில்லை. ஒரு டைமர் கேட்கிறோம்.

4. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் கேட்டருகே ஒரு விளக்கு மட்டும் எரியட்டும். இரைச்சலை அடக்க அதன் ஒயரில் மாட்டும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையங்களை எங்கள் செலவில் வாங்கித் தருகிறோம். தங்கள் எலெக்ட்ரீஷியன் மாட்டினால் போதும்.

வியாழன் கோள் இரவில் உயரே நிற்கும் மாதங்கள் கைநழுவிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து பத்து மணிக்கு அணைக்கச் சொல்லுங்கள் ஐயா. இந்த மனுவுக்காவது ஒரு வரி பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பினாங்குத் தீவின் வானியல் ஆர்வலர்கள்