வேனுக்குள் விளக்கு

திருவையாறு
கார்த்திகை 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. இங்கே பத்து நாளாக விட்டு விட்டு மழை. சம்பா தூர் கட்டி நிற்கிறது. கீழ்வயலில் மட்டும் வடிகால் தூர்ந்துபோய்த் தண்ணீர் இறங்கவில்லை. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

நீயும் வேன் வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்படியும் வைத்துவிட்டாய் என்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் "ராத்திரி எட்டரைக்கே லைட் மங்கிவிடுகிறது, இன்னொரு பேட்டரி போடச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் இந்த நீளக் கடிதம். பேட்டரிக்குப் பணம் கொடுத்துவிடாதே. முதலில் பல்பை மாற்று.

போன மாசியில் கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க நானும் இவளும் போனோம். திரும்பும்போது இருட்டிவிட்டது, வேதாரண்யத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வண்டியைப் போட்டுத் தங்கினோம். "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று நம்ம பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறாய். அணையப்போன திரியைத் தூண்டிவிட்ட எலி மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததாகச் சொல்லும் ஸ்தலம். அந்த ஊரில் ஒன்பதே முக்காலுக்கு எங்கள் விளக்கு ஆறும் சிவந்து, மங்கி, அணைந்தன. தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. கை கழுவாமல் உட்கார்ந்திருந்த இவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றும் 21 வாட் குண்டு பல்பு. ஆறுக்கு 126 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் பத்தரை ஆம்பியர். நம்ம பேட்டரி 100 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் 100 மணி நேரம் வரும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும், ஆகவே கைக்கு வருவது 50. விளக்கு மட்டும் எரிந்தாலே ஐந்து மணி நேரம் தாங்காது. எங்களுடையதோ மூன்று வருஷப் பேட்டரி, கூடவே ஃபேன். இப்போது அதே இடத்தில் 4 வாட் எல்.இ.டி. ஆறு போட்டிருக்கிறேன். மொத்தம் 2 ஆம்பியர். அதே 50-ஐ வைத்து 25 மணி நேரம் எரியலாம். பேட்டரி அதேதான், வயர் அதேதான். குண்டு பல்பில் போகிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளிச்சமாகாமல் சூடாகவே போகிறது. உன் விளக்கு மூடியைக் கழற்றிப் பார், பல்புக்கு நேரே பிளாஸ்டிக் பழுத்துப் பழுப்பாகியிருக்கும்.

கழற்றுமுன் மெயின் சுவிட்சை அணை. சூடான பல்பைத் தொட்டுவிடாதே. நான் முதல் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி ஈசல் இறகு, அதற்கடியில் ஹோல்டர் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. உப்பளக் காற்றும் நம்ம மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பித்தளை இப்படித்தான் பூக்கும். உப்புத்தாளை விரல் நுனி அளவுக்குக் கிழித்து, பென்சில் முனையில் சுற்றி, ஸ்பிரிங் மினுங்கும்வரை தேய்த்தேன். புது பல்பு எரியவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் பலருக்குக் குறை பல்பில் இல்லை, இந்தக் களிம்பில்தான். இன்னொரு காரணமும் உண்டு. குண்டு பல்புக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. எரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பார். இருபுறமும் மூக்கு வைத்த ரூஃப் லைட் பல்பைச் சும்மா மாற்றி மாட்டினால் போதும். ஒரே பக்கம் திருகி மாட்டுகிற சிங்கிள் பாயின்ட் வகையானால் ஹோல்டர் வயரைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

நான் பட்டது ஒன்று சொல்கிறேன். முதலில் சந்தையில் மலிவாகக் கிடைத்த எல்.இ.டி.யை டஜனாக வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் பாதி பல்பு கண் சிமிட்ட ஆரம்பித்தது. நம்ம 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். பேட்டரி நிறைந்திருந்தால் 12.7, எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறும்போது 14-ஐத் தாண்டும். உள்ளே வெறும் ரெசிஸ்டர் வைத்த பல்பு அதைத் தாங்காது. '10 முதல் 30 வோல்ட்' என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்கு. அதற்குள்ளே கரண்டை ஒரே அளவில் நிறுத்துகிற டிரைவர் இருக்கும். ஆனால் அந்த டிரைவரும் மட்டமாக இருந்தால் லைட்டைப் போட்டதுமே ரேடியோ இரையும். காரைக்கால் எஃப்.எம். கேட்காமல் இவளுக்குச் சமையல் ஓடாது. அதனால் இப்போது ஒரு பல்பு வாங்கி, ரேடியோவை வைத்துச் சோதித்த பிறகே மற்றதை வாங்குகிறேன்.

நிறத்தை மட்டும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதே. அந்த முதல் டஜன் 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில் இவள் பூத் தொடுக்க உட்கார்ந்தாள். கனகாம்பரம் செத்துப்போன செங்கல் நிறத்தில் தெரிந்தது. "பூ வாடிடுச்சா?" என்று கேட்டாள். பூ அப்போதுதான் பறித்தது. மலிவு எல்.இ.டி.யில் சிவப்பு குறைவு, அதுதான் காரணம். இப்போது போட்டிருப்பது 2700 கெல்வின், மஞ்சள் ஒளி. சி.ஆர்.ஐ. 90, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க். கனகாம்பரம் கனகாம்பரமாகவே இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் பூசணிக்காயும் குழம்பும் அதனதன் நிறத்தில் இருக்கின்றன. வாங்கும்போது வாட் பார்க்காதே, வெளிச்சத்தின் அளவான லுமென் பார். 21 வாட் குண்டு பல்பு கிட்டத்தட்ட 460 லுமென் தரும். அதை ஒட்டி இருந்தால் போதும்.

மஞ்சள் ஒளிக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. அப்பா வயல் ஓரத்தில் பெட்ரோமாக்ஸைத் தொங்கவிட்டு, கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? விடிந்து பார்த்தால் பாத்திரம் நிறையப் பூச்சி மிதக்கும். இந்த மாதத்தில் தத்துப்பூச்சி எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். வெள்ளை, நீல ஒளிக்கு வருகிற அளவுக்கு மஞ்சளுக்கு வராது. கதவோரத்து விளக்கை மஞ்சளாக்கிய பிறகு வலைக்கதவைத் திறக்கவே இவளுக்குத் தைரியம் வந்திருக்கிறது.

கூரை மூடிக்குள் பல்பு படுத்தவாக்கில் இருந்தால் எல்லாப் பக்கமும் ஒளி வீசுகிற பல்பு வேண்டாம், பாதி வெளிச்சம் கூரைக்கே போய்விடும். கீழ்நோக்கிப் பார்க்கிற தட்டைப் பேனலை மாட்டு. பியூஸைப் பெரிதாக்காதே. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, பல்பை அல்ல. போய்விட்டதென்று யாராவது செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தால் வாங்காதே, வண்டிக்குள் தங்கச்சியும் பிள்ளைகளும் தூங்குவார்கள்.

தை பிறந்ததும் தியாகராஜர் ஆராதனை வந்துவிடும். ஆராதனை நாளான பகுள பஞ்சமிக்கு முன்னாலேயே வேனை எடுத்துக்கொண்டு வந்துவிடு. இரண்டு நாள் ஆற்றங்கரையில் பாட்டு கேட்டு, மிச்ச நேரத்தில் உன் வண்டி ஹோல்டர் எல்லாவற்றையும் நாம் இரண்டு பேருமாகத் தேய்த்துவிடலாம். அம்மாவிடம் சொல்லு, புதுக் கண்ணோடு காவிரியைப் பார்க்க வரச்சொல்லி நான் கூப்பிட்டதாக.

உன் நண்பன்

பி.கு.: பழைய பல்பில் வகைக்கு ஒன்றைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவா. ரூஃப் லைட் பல்பு 36 மில்லிமீட்டரும் உண்டு, 41-ம் உண்டு. ஸ்கேல் வைத்து முனைக்கு முனை அளந்து உடனே எழுது, நீ வருவதற்குள் இங்கே வாங்கி வைக்கிறேன்.