மைக் முன்னால் குரல் வராத பிள்ளைகளுக்காக

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் வேலை பார்த்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்ல வந்து நின்றாள். முந்தின நாள் என் அறையில் பிசகாமல் சொன்னவள்தான். மைக் முன்னால் குரலே வரவில்லை. கையிலிருந்த தாளின் ஓரம் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. "நேற்று நல்லாத்தானேம்மா சொன்னே?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன். மறுநாள் வயிற்றுவலி என்று அவள் வரவில்லை. அது நடிப்பில்லை; பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

பிறர் முன்னால் பேசவும் பழகவும் வரும் இந்தப் பயத்துக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. சில குழந்தைகள் பிறவியிலேயே புது முகத்துக்கு மிரளும் இயல்புடையவர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜெரோம் கேகன் 4 மாதக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை அப்படி இருந்தது. ஆனால் அவர்களிலும் பலர் வளர்ந்தபின் இயல்பாகவே பழகினார்கள்.

வளர்ப்புக்கும் இதில் பங்கு உண்டு. விருந்தாளி "உன் பேர் என்ன?" என்றால் பிள்ளை வாய் திறக்குமுன் நாமே சொல்லிவிடுகிறோம். "இவன் யாரோடும் பேசமாட்டான்" என்று அவன் காதுபடவே சொல்கிறோம். "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பது தினமும் காதில் விழும் பிள்ளைக்கு, அந்த நாலு பேரைக் கண்டாலே உதறும். பயந்த இடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் தப்பவிட்டால் அப்போதைக்கு நிம்மதிதான். அப்புறம் பயம் இன்னும் பெரிதாகிறது.

பள்ளியின் தவறும் இருக்கிறது. மதிப்பெண்ணை உரக்க வாசித்து விடைத்தாள் கொடுப்பதை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். கேலி செய்கிற பிள்ளைகளிடமும் பேசி வருகிறோம்.

பெரும்பாலும் இந்தப் பயம் 8 முதல் 15 வயதுக்குள்தான் தொடங்குகிறது. மாதக்கணக்கில் நீடித்தால், பிறர் முன்னால் சாப்பிடக்கூடக் கூசினால், பள்ளிக்கு வரவே மறுத்தால், தயங்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இனி வழிபாட்டில் பேசப் பயப்படும் பிள்ளை முதலில் இரண்டு தோழர்கள் முன், பிறகு வகுப்பில், அதன்பின்தான் மைக் முன் என்று பழகட்டும். உங்கள் பிள்ளைக்கு அப்படி வேண்டுமென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மாலை 4.30 வரை நானும் என் அறையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்